சொரசொரப்புப் பக்கம்

"பாத்து, பாத்து! எங்கேயாவது இடிச்சா அப்பா எழுந்து வந்து திட்டுவாரு" என்றான் அண்ணன். சொன்ன பிறகுதான் உறைத்தது. வாயை மூடிக்கொண்டான்.

அவளும் அண்ணனும் மெக்கானிக் மாமாவும் மரக் கேமராவை ஸ்டாண்டோடு தூக்கி மூலையில் வைத்தார்கள். அப்பாவின் கட்டிலை நடுவில் போட இடம் வேண்டியிருந்தது. வீட்டின் முன்னறைதான் ஸ்டுடியோ. காலையில் பல் துலக்கிவிட்டு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்த மனுஷன், உட்கார்ந்தபடியே போய்விட்டார். அவளுக்கு அழுகை வரவில்லை. யார் யாருக்கு இன்னும் டீ கொடுக்கவில்லை என்பதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

மாமாவுக்குக் கை சும்மா இருக்காது. நாற்பது வருஷமாக அந்தக் கேமராவைப் பழுதுபார்த்தவர். பின்பக்கக் கண்ணாடியை விரலால் தடவினார். படம் எடுக்கும் முன் பிம்பம் விழுகிற கண்ணாடி அது. ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் சொரசொரப்பு.

"இதை யாரு மாட்டினது? சொரசொரப்பு உள்பக்கமா, லென்ஸைப் பாத்துல்ல இருக்கணும்? ஃபிலிம் நிக்கிற இடமும் அதுதானே. இப்படி மாட்டினா இதுல பளிச்சுனு தெரியும், படத்துல மங்கலா விழும்."

"அவருதான் மாட்டியிருப்பாரு" என்றாள் கட்டிலருகே இருந்த அம்மா. "கண்ணுதான் போயிடுச்சே, பாவம்."

அவள் அந்தக் கண்ணாடியையே பார்த்தாள்.

மூன்று மாதம் முன்பு, அப்பா ஊரில் இல்லாதபோது ஒட்டடைக் குச்சி பட்டு அந்தக் கண்ணாடி உடைந்தது. கடையில் அதே அளவுக்கு வெட்டி வாங்கி அவளே மாட்டினாள். வழவழப்புப் பக்கம் லென்ஸைப் பார்த்து இருந்தால்தானே படம் தெளிவாக விழும் என்று அவளாகவே முடிவுகட்டிக்கொண்டாள். அப்பா கவனிக்கவில்லை. தப்பித்தோமடா சாமி என்றிருந்தது.

அடுத்த வாரம் அவர் அம்மாவை உட்கார வைத்து நாலு படம் எடுத்தார். நாலும் மங்கல். ஃபிலிமை வெளிச்சத்தில் வெகுநேரம் பிடித்துப் பார்த்தார். "கண்ணு போச்சும்மா" என்று கேமராவின் மேல் கறுப்புத் துணியைப் போர்த்தினார்.

"வயசாச்சுல்லப்பா, விடுங்க" என்றாள் அவள். அப்போது அதை நம்பித்தான் சொன்னாள். பிறகு அவர் கேமராவைத் தொடவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

மாமா சட்டைப் பையிலிருந்து குட்டி ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். நாலு திருகு. கண்ணாடியைத் திருப்பிப் போட்டு முடுக்கினார். ஐந்து நிமிஷ வேலை.

"இப்ப வந்து பாரு."

அவள் கறுப்புத் துணிக்குள் குனிந்தாள். ஃபோகஸ் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள். அந்தக் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத்தான் விழும்; கட்டிலில் கிடந்த அப்பாவும் தலைகீழாக வந்தார். மோவாயில் நேற்று மழிக்காத நரைமுடி ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

"தெரியுதா?"

"தெரியுது மாமா."

வாசலில் வண்டி வந்து நின்றது. அண்ணன் யாரையோ கூப்பிட்டுக்கொண்டு ஓடினான்.

"நான்தான் மாட்டினேன் மாமா" என்றாள், துணிக்குள்ளிருந்தே.

துணி ஒரு பக்கம் நழுவி உள்ளே வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. மாமா அதை இழுத்து, அவள் தோள்வரை மூடிவிட்டார்.