கேட் வரைக்கும் ஒரு வீடியோ

மாடியறையில் யாரும் படுக்காத கட்டிலுக்கு வாயாடி விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். அண்ணி தரை துடைத்துக்கொண்டிருந்தாள். கடலைப் பார்த்த ஜன்னலடியில் தொடங்கி, குனிந்த முதுகு நிமிராமல் பின்பக்கமாகவே நகர்ந்து, கட்டிலைச் சுற்றி, அலமாரியைக் கடந்து, வாசலுக்கு வந்துதான் மூச்சு விடுவாள். துடைத்த இடத்தில் கால் வைத்தால் தடம் விழும். அதனால் எந்த அறையானாலும் உள்சுவரில் தொடங்கி வாசலில்தான் வேலை முடியும்.

"அண்ணி, போன வாரம் போட்ட விரிப்புல யாரு படுத்தாங்க?"

"யாரும் படுக்கல."

"அப்புறம் எதுக்கு மாத்துறோம்?"

"மாத்தலேன்னா நம்மள மாத்திடுவாங்க. பேசாம இழுத்துக் கட்டுடி."

வாயாடி அண்ணிக்கு நாத்தனார். வாயாடி என்பது சின்ன வயதில் ஒட்டிக்கொண்ட பட்டம். சொந்தப் பெயர் இப்போது அடையாள அட்டையில் மட்டும்தான் இருக்கிறது. அவளுடைய அண்ணன், அதாவது அண்ணியின் கணவன், தோட்டத்தையும் தண்ணீர் மோட்டாரையும் ராக்காவலையும் பார்த்துக்கொண்டான். மூன்று பேரும், பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளும் பின்பக்கத்து ஒற்றை அறையில் இருந்தார்கள். வேலை இருக்கிறவரை அந்த அறை அவர்களுக்கு.

விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு நாள் கணக்கில் விடுகிற வீடு அது. கடற்கரையோரம் புதுப்புது விடுதிகள் வந்ததிலிருந்து இந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியூரில் இருக்கும் ஓனர், வீட்டின் பெயரில் இணையத்தில் ஒரு பேஜ் தொடங்கி, அதைக் கவனிக்க ஒரு பையனை வைத்திருந்தார். இவர்கள் அவனைப் பேஜ்காரத் தம்பி என்பார்கள். அவன் சூரியன் மறைகிற படமாகப் போட்டு, கீழே கவிதை எழுதுவான். அதற்கு லைக் போடுகிறவர்கள் ஓனரின் மச்சினர்களும், அந்த மச்சினர்களின் கூட்டாளிகளும்தான்.

அண்ணன் மாடிக்கு வந்தான். ஈரத்தில் கால் வைக்காமல் வாசலுக்கு வெளியிலேயே நின்றான். ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் நிற்கிறான் என்று அவன் நின்ற நிலையிலேயே அண்ணிக்குத் தெரிந்துவிட்டது.

"ஓனர் பேசினாரு. இந்த லீவுக்கும் ஆள் வரலேன்னா வீட்ட வித்துடப் போறாராம். புரோக்கர் கேட்டுக்கிட்டே இருக்கானாம். வாங்குறவன் இடிச்சுட்டுத்தான் கட்டுவான்."

"புள்ள பரிச்ச எழுதுற வருஷங்க இது."

"அத நான் எப்படி அவருகிட்ட சொல்றது?"

அண்ணி துடைப்புத் துணியை வாளிக்குள் போட்டாள். இதற்கு முன் வேலை செய்த இரண்டு வீடுகளிலிருந்தும் இப்படித்தான் பாய் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அப்போது மகள் சின்னவள், எந்தப் பள்ளியில் சேர்த்தாலும் சேர்ந்துகொண்டாள். இப்போது பரீட்சை வருடத்தில் எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது?

"இன்னொண்ணும் சொன்னாரு," என்றான் அண்ணன். "பேஜ்காரத் தம்பி எங்கயோ கல்யாண ஷூட்டிங்ல இருக்காம். இன்னிக்கு நாமளே ஒரு வீடியோ எடுத்து அனுப்பணுமாம். மாடி ரூம், ஹால், வராந்தா, கேட்டு. எல்லாம் ஒரே வீடியோல வரணும், நடுவுல நிறுத்தக் கூடாதாம்."

வாயாடியின் போனில்தான் கேமரா நன்றாக இருக்கும். ஆனால் அவள் எதை எடுத்தாலும் சிரிப்பில் கை ஆடிவிடும் என்பதால் போன் அண்ணியின் கைக்கு வந்தது. தரை காயும்வரை காத்திருந்தார்கள். பிறகு அண்ணி நேராக ஜன்னலடிக்குப் போய் நின்றாள். போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, பழகிய கால்கள் போன போக்கில் பின்பக்கமாக நடந்தாள். ஜன்னலில் கடல், பிறகு ஜன்னல், பிறகு கட்டில், பிறகு மொத்த அறை. மாடிப்படியில் வாயாடி அவள் முதுகைப் பிடித்து இறக்கினாள். "இன்னொரு படி அண்ணி. இன்னும் ஒண்ணு. அவ்ளோதான்." ஹாலின் நாற்காலிகள் சின்னதாகிக்கொண்டே போயின. வராந்தா கடந்தது. அண்ணி வாசலுக்கு வெளியே தெருவில் வந்து நின்று, இடது கையை நீட்டிக் கேட்டை இழுத்துச் சாத்தினாள். கேட் முனகிக்கொண்டே மூடியது. வீடியோ முடிந்தது.

சாயங்காலம் பேஜ்காரன் போன் செய்தான். பின்னால் கல்யாண மேளம் காதைப் பிளந்தது.

"அக்கா, என்னக்கா பண்ணி வச்சிருக்கீங்க? வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போங்கன்னா, கழுத்தைப் பிடிச்சுத் தள்ளாத குறையா வெளிய விட்டுக் கேட்டைச் சாத்திட்டீங்க."

"தரை தொடைக்கிற ஞாபகத்துல அப்படியே வந்துட்டேன் தம்பி."

"நானும் பாக்காம ஏத்திட்டேன். மேல 'வாங்க, உள்ள வாங்க'ன்னு வேற எழுதியிருக்கேன். ஓனர் கண்ணுல படறதுக்குள்ள எடுத்துடறேன்."

கல்யாண அமளியில் அவன் எடுக்கவில்லை. ஓனர் கண்ணில் பட்டுவிட்டது. "வர்றவன் மூஞ்சில கதவைச் சாத்துறதுக்கா உங்களை அங்க வச்சிருக்கேன்?" என்று அவர் கேட்டதை அண்ணன் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு கேட்டான். யாரும் அண்ணியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. மகளின் புத்தகப் பையைப் பார்க்கும்போதெல்லாம், போகிற வீட்டை நானே பிடித்துத் தள்ளிவிட்டேனே என்று மனசு அடித்துக்கொண்டது. தட்டில் போட்டது அப்படியே இருந்தது.

மறுநாள் காலையில் துணி அலசிக்கொண்டிருந்த இடத்துக்கு வாயாடி போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"அண்ணி, கையைத் தொடச்சிட்டு உக்காருங்க. யாரு யாரோ எழுதியிருக்காங்க."

"திட்டியிருக்காங்களா?"

"கேளுங்க முதல்ல. 'லீவு முடிஞ்சு கடைசி நாள் கிளம்புற மாதிரியே இருக்கு. இன்னும் போகவே இல்ல, அதுக்குள்ள திரும்பி வந்த மாதிரி அழுகை வருது.' இது ஒருத்தங்க. இன்னொருத்தரு, 'கேட்டைத் திறங்கம்மா, ஒரு நாள் இருந்துட்டுப் போறோம்'னு கெஞ்சுறாரு. இவங்க பாருங்க, அவங்க அப்பா கூட கடைசியா கடலுக்குப் போனது ஞாபகம் வந்துச்சாம். அந்தக் கேட்டுச் சத்தத்தையே திரும்பத் திரும்பக் கேக்குறாங்களாம்."

அண்ணி ஈரக் கையோடு அப்படியே கல்லில் உட்கார்ந்தாள்.

"அப்புறம் அண்ணி, 'இன்னொரு படி அண்ணி'ன்னு சொல்ற அந்தக் குரல் யாருன்னு ஒரு கூட்டமே கேக்குது. சினிமாவுக்குக் கூப்பிட்டா நான் போயிடுவேன், துணியெல்லாம் நீங்களே தோச்சுக்கணும்."

"போ. போறதுக்கு முன்னாடி இந்த வாளியக் காலி பண்ணிட்டுப் போ," என்றாள் அண்ணி. சொல்லும்போதே கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அதை மறைக்க அவள் முயலவில்லை.

ஷேர் ஆகி ஆகி வீடியோ எங்கெங்கோ போனது. அந்த வாரமே விடுமுறை நாட்கள் முழுவதும் நிரம்பின. இடம் கிடைக்காதவர்கள் அடுத்த விடுமுறைக்குச் சொல்லி வைத்தார்கள். ஓனரின் குரலில் தேன் வடிந்தது. விற்கிற பேச்சே இல்லை, புரோக்கர் வந்தால் கேட்டிலேயே திருப்பி அனுப்பு என்றார். அன்று அண்ணன், வேண்டாத வேலையாக, செடிகளுக்கு இரண்டு தடவை தண்ணீர் விட்டான்.

வீடு மூச்சு விட ஆரம்பித்தது. படுத்து எழுந்த விரிப்புகளை வாயாடி முனகிக்கொண்டே மாற்றினாள். மாடியெல்லாம் மணல் தடம். "இப்பத்தான் தொடைக்கிறதுக்கே அர்த்தம் இருக்கு," என்று அண்ணி அதையும் ஒரு சந்தோஷமாகச் சொன்னாள். வந்தவர்களில் ஓர் அம்மாள் பின்பக்கம் வரைக்கும் தேடிவந்து, "நீங்கதானா அந்த அண்ணி?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். மகள் வாசலில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். தலை நிமிர்ந்து அம்மாவைப் பெருமையாகப் பார்த்தாள்.

விடுமுறைக் கூட்டம் ஓய்ந்த ஒரு காலையில் ஓனரே வந்தார். கூடவே பேஜ்காரன், பெரிய கேமராவோடு. நகங்களுக்குச் சாயம் பூசிய ஓர் இளம்பெண்ணும் வந்திருந்தாள்.

"அந்த வீடியோவைத் தெளிவா, ஒழுங்கா ஒரு தடவை எடுத்துடலாம்," என்றார் ஓனர். பேஜ்காரன் தோளில் தட்டினார். "ஆரம்பத்துல நான்கூடத் திட்டினேன். ஆனா பின்பக்கமாவே நடந்து எடுக்கச் சொன்ன பாரு, அந்த ஐடியாவுக்கே உனக்குத் தனியா ஏதாவது பண்ணணும்."

பேஜ்காரன் அண்ணியை ஒரு கணம் பார்த்தான். பிறகு லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தான். "சரிங்க சார்," என்றான்.

வாயாடி வாயைத் திறந்தாள். அண்ணி அவள் கையைக் கிள்ளினாள். வீடு இருக்கிறது, மகள் பரீட்சை எழுதப் போகிறாள். இப்போதைக்கு அது போதும் என்று அவளுக்கு இருந்தது. ஆனாலும் நெஞ்சில் முள் மாதிரி ஏதோ ஒன்று தைத்தது, அதுவும் உண்மை.

கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கச் சொன்னார்கள். வாளி, துடைப்பம் எதுவும் படத்தில் விழக் கூடாது, ஆட்களும் விழக் கூடாது என்றார்கள். கேமரா பின்பக்கமாக வர வர, அண்ணன், அண்ணி, வாயாடி மூன்று பேரும் அதற்கும் பின்னால் நகர்ந்து நகர்ந்து, ஹாலைக் கடந்து, வராந்தாவைக் கடந்து, கடைசியில் தெருவுக்கே வந்துவிட்டார்கள்.

கேட்டைச் சாத்த வேண்டிய கை அந்தப் பெண்ணுடையது. "கெஸ்ட் கை மாதிரி இருக்கணும் சார்," என்று பேஜ்காரன் விளக்கினான். அவள் மெல்லப் பிடித்து இழுத்தாள். கேட் அசையவில்லை. விடுமுறைக் கூட்டம் திறந்து திறந்து மூடியதில் கீல் இறங்கிப்போய் அடிக்கம்பி தரையில் மாட்டிக்கொண்டிருந்தது. தூக்கி இழுத்தால்தான் வரும்; தூக்கினால் கை நரம்பு புடைத்துப் படம் கெட்டுவிடும்.

"அக்கா, நீங்க கீழ உக்காந்து கொஞ்சம் தூக்கிப் பிடிங்களேன்."

அண்ணி கேட்டின் அடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் அடிக்கம்பியைப் பிடித்தாள். குரல் பதிந்துவிடும் என்று வாயாடி தன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தலைக்கு மேலே அந்தப் பெண்ணின் விரல்கள் கேட்டை மெதுவாகத் தொட்டன. அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கி, உட்கார்ந்த நிலையிலேயே நகர்ந்து நகர்ந்து கேட்டைத் தள்ளினாள்.

"அக்கா, தலை தெரியுது," என்றான் பேஜ்காரன். "இன்னும் கொஞ்சம் குனிங்க."

அண்ணி குனிந்தாள்.