தலைவரின் காலும் அங்கம்மாவின் கையும்

உலு திராம் மிதிவண்டிக் கழகத்தின் அவசரக் கூட்டத்துக்கு வந்தவர்கள் நான்கு பேர். உணவகத்தில் காற்றாடிக்கு நேர் கீழே தலைவர் தங்கராஜு, இரண்டு நாற்காலிகளில்: ஒன்றில் அவர், மற்றொன்றில் மாவுக்கட்டுப் போட்ட அவருடைய வலது கால். அந்தக் காலுக்குக் காவல் இருப்பவரைப்போல அதை ஒட்டிப் பொருளாளர் ஹேமநாதன். கை கழுவும் தொட்டியோரம் உறுப்பினர் அங்கம்மா. நடுவில், தாளையும் பேனாவையும் உறையையும் வரிசையாக அடுக்கிக்கொண்டு செயலாளர் வாசுகி.

போன ஞாயிற்றுக்கிழமை செம்பனைத் தோட்டத்து மண்சடக்குப் பாதையில் ஓர் உடும்புக்கு வழிவிடப் போய்த் தலைவர் விழுந்தார். காலில் தகடு வைத்திருக்கிறார்கள். காப்புறுதி நிறுவனம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தது: தலைக்கவசம் அணிந்திருந்தாரா? செயலாளர் எழுத்தில் பதில் தரவேண்டும். தலைவரும் கையெழுத்துப் போடவேண்டும்.

'தலைக்கவசம் அணியாதவருக்கு இழப்பீடு இல்லை' என்ற விதியைக் கேட்டு வாங்கிக் கழகத்தின் காப்புறுதி ஒப்பந்தத்தில் சேர்த்தவரே தலைவர்தான். முதலில் அதில் மாட்டியவள் அங்கம்மா. கொண்டைக்கு மேல் உட்காரவில்லை என்று கழற்றி வைத்திருந்த நேரம் பார்த்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். "விதி விதிதான், உண்மைய எழுதும்மா" என்றார் தலைவர். வாசுகியும் எழுதினாள். இழப்பீடு கிடைக்கவில்லை. அங்கம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போனது. உடைந்த கையில் எப்படியும் போடமுடியாதே என்று தலைவர் ஆறுதல் வேறு சொன்னார்.

"போட்டிருந்தேன்னு எழுதிடும்மா" என்றார் இப்போது.

"எங்கண்ணே போட்டிருந்தீங்க?" என்றாள் வாசுகி.

"வண்டியில இருந்துச்சு இல்ல?"

இருந்தது உண்மை. புது வண்டிக்குச் செய்வதுபோலக் கோயிலில் வைத்துப் பூசை போட்ட தலைக்கவசம் அது. தலையில் மாட்டினால் வேர்வையில் சந்தனப் பொட்டு அழிந்துபோகும் என்று, எலுமிச்சம்பழத்தோடு சேர்த்து வண்டியின் முன்னால் கட்டித் தொங்கவிட்டிருந்தார். உடும்புக்கு அந்த விவரம் தெரியவில்லை.

"ஹெல்மெட்ல ஒரு கீறல்கூட இல்ல. சாமி காப்பாத்திட்டாரு" என்றார் ஹேமநாதன்.

"ஆமா, ஹெல்மெட்ட காப்பாத்திட்டாரு" என்றாள் அங்கம்மா.

தலைவர் அவள் பக்கம் திரும்பவில்லை. "உடைஞ்சது காலு லா. ஹெல்மெட் போட்டிருந்தா மட்டும் காலு தப்பிச்சிருக்குமா? அதுக்கும் இதுக்கும் என்னா சம்பந்தம்? அநியாயமா இல்ல?"

"எனக்கு மட்டும் என்னண்ணே உடைஞ்சது, மண்டையா?"

தலைவர் தே தாரிக் தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"அது வேற கேசு."

"எப்படி வேற?" என்றாள் அங்கம்மா.

"அது கை. இது காலு."

ஹேமநாதன்கூட இதற்குத் தலையாட்டச் சற்றுத் தயங்கினார். வாசுகிக்கு அங்கம்மாவின் வெறும் மணிக்கட்டைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதிய கடிதத்தால் வந்த வெறுமை அது.

"பொய் எழுத எனக்கு வராதுண்ணே. நீங்க சொன்ன நியாயத்த வேணா எழுதுறேன்" என்று பேனாவைத் திறந்தாள்.

தேதி, முகவரி, பொருள் எல்லாம் முறைப்படி மலாயில் எழுதினாள். பிறகு தமிழில் வாசித்துக் காட்டினாள்: தலைவர் தலைக்கவசம் அணியவில்லை. உறுப்பினர் அங்கம்மாவும் அணியவில்லை. தலையில் அடிபட்டிருந்தால் நீங்கள் மறுப்பதில் பொருள் உண்டு. தலைக்கவசம் காலையும் காக்காது, மணிக்கட்டையும் காக்காது. ஆகவே இருவரின் கோரிக்கையையும் சேர்த்தே மறுபடி பாருங்கள்.

"அலமாக்! அங்கம்மா எதுக்கு இதுல?" என்று பதறினார் தலைவர்.

"ஒரு காலுக்கு மட்டும் தனியா நியாயம் எழுதத் தெரியலண்ணே."

"நான் கையெழுத்துப் போடலன்னா?"

"அப்ப பழைய கடிதம் மாதிரியே எழுதிடலாம். பேர மாத்தினா போதும்."

கட்டுக்குள் கால் அரித்தது. சொறிந்துகொள்ள ஹேமநாதனிடம் சாத்தே இறைச்சி கோத்திருந்த ஒரு குச்சியை வாங்கினார் தலைவர். ஒரு கையால் சொறிந்தபடியே மறுகையால் கையெழுத்தைப் போட்டுத் தள்ளினார்.

உறையின் வாயில் பசை தடவி அங்கம்மா அழுத்தினாள், உடைந்து கூடிய அதே கையால். வாசுகி எழுந்து சாலையைக் கடந்தாள்.

"இரும்மா, அந்த முதல் வரிய மட்டும் கொஞ்சம்…" என்று தலைவர் எழப் பார்த்தார். கால் விடவில்லை.

வாசுகி உறையை அஞ்சல் பெட்டிக்குள் போட்டாள்.