பை கொடுக்காத கல்லூரி

கல்லூரிக் கண்காட்சியைப் பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்ததுதான் வினை. பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தால் செல்லக்கண்ணு ஒழுங்காக நடந்துகொண்டிருப்பார். மண்டபம் என்றதும் சலவை வேட்டி கட்டினார், வாசலில் நின்றவர்களையெல்லாம் கும்பிட்டார், பந்தி எந்தப் பக்கம் என்று எட்டிப் பார்த்தார். பந்தி இல்லை. ஆனால் அநேகமாக ஒவ்வொரு கல்லூரியின் மேசையிலும் பெயர் அச்சிட்ட துணிப்பைகள் அடுக்கியிருந்தன. மண்டபத்துக்கு வந்துவிட்டுப் பை வாங்காமல் போனால் கூப்பிட்டவர்களுக்கு மரியாதைக் குறைவு என்று அவர் நினைத்தார்.

பிளஸ் டூ முடித்த மகள் வெற்றிச்செல்வியின் நோட்டில் ஐந்து கேள்விகள் இருந்தன. முதல் கேள்வி, ஜியாலஜி என்கிற நிலவியல் படிப்பு இருக்கிறதா என்பது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டும் அப்பா, ஒருமுறை சிப்பி பதிந்த கல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். கடல் இல்லாத ஊரில் சிப்பிக்கு என்ன வேலை என்று அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. அம்மா ஆண்டாயியோ, உடையார்பாளையத்திலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் எது இருக்கிறதோ அதைப் படிக்கட்டும், ஹாஸ்டல் பேச்சே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

பை வேண்டுமென்றால் படிவம் நிரப்ப வேண்டும், படிவத்தில் போன் நம்பர் எழுத வேண்டும். லாரி ஓட்டும்போது போன் வந்தால் தொல்லை என்று செல்லக்கண்ணு எல்லாவற்றிலும் மனைவியின் நம்பரையே கூசாமல் எழுதினார். மகள் ஜியாலஜி என்று வாயைத் திறந்த இடத்திலெல்லாம் கம்ப்யூட்டர் எடுக்கச் சொன்னார்கள். ஒருவர் இனிமேல் கல்லையும் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும் என்றார்.

கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை. நாலைந்து கற்களோடு, திருச்சிக் கல்லூரியிலிருந்து வந்த ஒரு பேராசிரியை அம்மா மட்டுமே இருந்தார். பை இல்லை என்றதும் செல்லக்கண்ணு நிற்காமல் நடந்துவிட்டார். வெற்றிச்செல்வி நின்றாள். ஐந்து கேள்வியையும் கேட்டாள். அங்கே மட்டும் அவளே படிவம் நிரப்பினாள். அவளுக்கென்று போன் இல்லாததால் அதிலும் அம்மாவின் நம்பர்தான்.

இருபத்து மூன்று பைகளோடு வீடு வந்தார்கள். மறுநாளே போன் அடிக்க ஆரம்பித்தது. முந்திரிக்கொட்டை உடைத்த கையெல்லாம் ஓட்டு எண்ணெயாக இருந்ததால், மகளை ஸ்பீக்கரில் போடச் சொல்லித்தான் ஆண்டாயி பேசினாள். தெருவே கேட்டது. முதல் இரண்டு நாள் பெருமையாக இருந்தது. மூன்றாம் நாள் மகளின் நோட்டைப் பார்த்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். வார்டன் பெயர் என்ன என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. வேலை கிடைக்குமா என்றால் மட்டும் நூறு சதவீதம் என்றார்கள். கல்யாணத்துக்கு நூறு பேரைக் கூப்பிட்டால் நூறு பேருமா வருகிறார்கள் என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

பத்தாம் நாள் அவளுக்குப் பொறுமை போயிற்று. இன்னும் ஒரு போன் வந்தால் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, மகளைப் பக்கத்துக் கல்லூரியிலேயே சேர்த்துவிடப் போவதாகச் சொன்னாள். சொல்லி முடிக்கவில்லை, போன் அடித்தது. திருச்சி அம்மா.

"எம்பொண்ணுக்குக் கட்டாயம் வேல கெடைக்குமா?" என்றாள் ஆண்டாயி.

"கட்டாயம்னு சொல்ல முடியாதுங்க. நல்லாப் படிச்சா கெடைக்கும். ஆனா வெயில்ல மலை மலையா அலையணும்."

வெற்றிச்செல்விக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த அம்மா ஒரே ஒரு பொய் சொன்னால் குடியா முழுகிப்போகும்?

 ஆண்டாயி அடுத்து வார்டன் பெயரைக் கேட்டாள். சுமதி என்று உடனே பதில் வந்தது. சுமதியையே லைனில் வரச் சொல்லி அரைமணி நேரம் பேசினாள். குளியலறைத் தாழ்ப்பாள் வரைக்கும் கேட்டுவிட்டு மகளைப் பார்த்தாள்.

"இத்தன பேருல இந்தம்மா ஒருத்திதான் நெசத்தச் சொல்றா. வெயில்ல அலையறது நமக்கென்ன புதுசா? போயிப் படி."

சேர்க்கை முடிந்து ஹாஸ்டலுக்குப் போன அன்று பெட்டி பத்தவில்லை. மிச்சத் துணிமணியெல்லாம் கண்காட்சிப் பைகளில் ஏறின. ஹாஸ்டல் வாசலில் எதிர்ப்பட்ட பேராசிரியை, நாலு வேறு கல்லூரிகளின் பெயர்கள் வரிசையாக வருவதைப் பார்த்துச் சிரித்தார்.

சலவை வேட்டியில் இருந்த செல்லக்கண்ணுவுக்கு அது பிடிக்கவில்லை.

"நீங்க ஒரு பை குடுத்திருந்தா அதுல கொண்டாந்திருப்போம்ல" என்றார்.