தொட்டிக்கு ஆள்

தம்பியை எப்போது வரச்சொல்லட்டும் என்று அவள் கேட்பது இது நான்காவது நாள். கணவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். 

தண்ணீர்க்குழாய் செய்யும் கம்பெனியில் அவர் குரோமியத் தொட்டிக்காரர். நிக்கல் ஏறிய பித்தளைக் குழாய்களைக் கம்பியில் மாட்டி, அந்தச் செம்பழுப்புத் தண்ணீரில் இறக்கி, மின்சாரம் கொடுத்து எடுப்பார். எடுத்தால் முகம் பார்க்கலாம். பதினெட்டு வருடமாக அதே தொட்டி. வெள்ளிக்கிழமை கம்பெனிக்கு டாக்டர் வருகிறார். தொட்டியில் நாள்பட்டவர்களை அவர் பார்த்து எழுதிக்கொடுத்தால் பேக்கிங்குக்கு மாற்றுவார்கள். தொட்டிக்கு வேறு ஆள் வேண்டும். உன் மச்சினன் சும்மாதானே இருக்கிறான் என்று மேஸ்திரியே கேட்டிருக்கிறார். இவரோ டாக்டரிடம் போகவே மாட்டேன் என்கிறார்.

இரண்டு பிள்ளைக்குத் தகப்பன் ஏழு மாதமாக வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பதையும், அவன் மனைவி போனில் அழுததையும் அவள் சொல்லிப் பார்த்துவிட்டாள்.

"என் பக்கத்து ஆளுங்கன்னாலே உங்களுக்கு வேப்பங்காய். இதுவே உங்க தங்கச்சி புருஷன்னா கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பீங்க."

"தங்கச்சி புருஷன வேணா அனுப்பறேன். எனக்கும் அவனுக்கும் ஆகாது."

ஆகாதவனை எதற்கு அனுப்ப வேண்டும் என்று அவள் கேட்டாள். அவர் டார்ச்சை எடுத்துவரச் சொன்னார். நாற்காலியில் சாய்ந்து முகத்தை மேலே தூக்கிக்கொண்டார். மூக்கின் உள்ளே, நடுச்சுவரில் ஒரு துளை. ஒரு பயறு போகும். ஓரமெல்லாம் காய்ந்து கறுத்திருந்தது.

தொட்டியிலிருந்து எழும் புகை செய்த வேலை என்றார். வலியே இல்லாததால் வந்ததே தெரியவில்லையாம். மூன்று வருடமாகிறதாம்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"சொன்னா? நீ ஒட்டுப் போட்டுருவியா?" கண்ணை மூடிக்கொண்டார். "நான் அந்த எடத்துல இருக்கிற வரைக்கும் உன் தம்பி வர முடியாதில்ல."

வெள்ளிக்கிழமை போய்க் காட்டுங்கள், தம்பியிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றாள் அவள். அன்றே போனில் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள், டார்ச் வெளிச்சத்தில் பார்த்தது உட்பட. 

"மாமாவுக்கு மூக்குலதான்க்கா ஓட்ட. எனக்கு வயித்துல."

மேஸ்திரியிடம் தான் கேட்கப்போவதில்லை என்றாள்.

"நீ கேக்க வேணாம். அவரு நம்பர் எங்கிட்ட இருக்கு."

டாக்டர் பேக்கிங் என்று எழுதிவிட்டார். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத் தம்பி வாசலில் வந்து நின்றான். அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் இரண்டு சாப்பாட்டு டப்பாக்களைக் கட்டினாள். கணவர் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"வந்துட்டியா?"

"வந்துட்டேன் மாமா."

"மேல பொகைய இழுக்கிற ஃபேன் ஓடலன்னா தொட்டிகிட்ட நிக்காத. வெளிய வந்துரு."

"மேஸ்திரி திட்டுவாரே."

"நாந்தான் சொன்னேன்னு சொல்லு. பேக்கிங்லதான இருக்கேன். அந்தத் திட்ட நான் வந்து வாங்கிக்கிறேன்."