மாதா பாட்டின் மெட்டில்

ஆரோக்கியசெல்விக்குத் தாகம் எடுத்தது. கட்டிலுக்குப் பக்கத்திலேயே சொம்பு இருந்தது. ஆனால் அந்தப் பக்கத்துக் கை, பக்கவாதம் வந்த நாளிலிருந்து வேறு யாருடையதோ போல மடியில் கிடந்தது. "தண்ணி" என்று சொன்னால் போதும். அந்த வார்த்தை மனசுக்குள் பளிச்சென்று இருந்தது. வாயைத் திறந்தாள். வந்தது அந்தோணியார் பாட்டு.

ஒரு சொல் பிசகாமல் முதல் சரணம் முடிந்து இரண்டாம் சரணம் தொடங்கியது.

"அம்மா பாடுறாங்க பாரு," என்று மகன் அலெக்ஸ் தன் மனைவியைக் கூப்பிட்டான். கண்கலங்கி, கைகூப்பி நின்றான். சொம்பை அவன் பார்க்கவே இல்லை.

திண்டிவனத்தில் பாடகர் குழுவுக்கு அவள்தான் முதல் குரல். அவள் ஒரு வரி எடுத்துக் கொடுப்பாள். கோயில் முழுக்க அதைத் திருப்பிப் பாடும். அப்படி ஒரு ஞாயிறு பூசையில், வரி எடுத்துக் கொடுக்க எழுந்தவள் சரிந்து விழுந்தாள். உயிர் பிழைத்தது. பேச்சு போய்விட்டது. மகன் அவள் வீட்டைப் பூட்டி, விழுப்புரத்தில் பஸ் டிப்போவுக்குப் பின்னாலிருந்த தன் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டான்.

மூளையில் பேச்சுக்கு ஒரு இடம், பாட்டுக்கு வேறு இடம், அடிபட்டது பேச்சு இடம்தான் என்று டாக்டர் விளக்கிச் சொன்னார். அது அலெக்ஸ் காதில் ஏறவில்லை. உபதேசியார் சவுரிராயன் சொன்னது மட்டும் நன்றாக ஏறியது.

"பேச்சை எடுத்துக்கினு பாட்டை மட்டும் விட்டு வெச்சிருக்காரு ஆண்டவரு. இது சாதாரணம் இல்ல தம்பி. அவங்க வாயில அர்ச்சிஷ்டவங்க, புனிதருங்க எல்லாம் பாடுறாங்க."

அவ்வளவுதான், சனிக்கிழமை தோறும் வீட்டில் ஜெபக்கூட்டம். கண்டமங்கலத்திலிருந்துகூட ஆள் வந்தார்கள். நீலப் புடவை கட்டி அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். காய்ச்சல் பிள்ளைகளை அவள் காலடியில் கிடத்தினார்கள். செல்போனில் படம் பிடித்தார்கள். முதுகு வலிக்கிறது என்று அவள் சொல்ல நினைத்தால் சூசையப்பர் பாட்டு வரும். ஃபேன் போடுங்கள் என்று நினைத்தால் மாதா பாட்டு. கூட்டம் பரவசப்பட்டுக் கூடவே பாடும்.

தன்னைக் கோயிலுக்குள் வைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்றுதான் அவளுக்கு இருந்தது. உள்ளே எல்லாப் புனிதர்களும் இருக்கிறார்கள். கதவைத் திறக்கத்தான் ஒருவரும் இல்லை. ஜெபத்தில் எப்போதும் ஆண்டவரை "நீர்" என்று சொல்லிப் பழகியவள், உள்ளுக்குள் "நீ" போட்டு ஏசினாள். உன் புகழ்ச்சியை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டாய். எனக்கு ஒரு வாய்த் தண்ணீர் கேட்க வழி வைத்தாயா?

ஒரு சனிக்கிழமை, கூட்டத்தின் நடுவில் அவளுக்கு ஒண்ணுக்கு முட்டிக்கொண்டு வந்தது. இடக்கையால் புடவையைப் பற்றிக்கொண்டு கெஞ்சினாள். கெஞ்சலெல்லாம் சூசையப்பர் பாட்டாக வெளியே போனது. அவர்களும் முழங்காலிட்டு, கண்ணை மூடிப் பாடினார்கள். புடவை நனைந்தது. செத்துப்போகலாம் போலிருந்தது அவளுக்கு.

அப்போது மருமகள் கலைப்பிரியா சொம்போடு வந்தாள். வந்த வேகத்தில் சொம்பு நழுவி, தண்ணீர் முழுக்க மாமியார் மடியில் கொட்டியது.

"கண்ணு எங்க இருக்குது உனக்கு?" எல்லார் முன்னாலும் அலெக்ஸ் கத்தினான்.

"கைதவறிடுச்சு," என்று சொல்லிவிட்டு, மாமியாரைத் தாங்கி உள்ளே அழைத்துப் போனாள். கதவைச் சாத்திப் புடவை மாற்றும்போது மெதுவாகச் சொன்னாள்: "அத்தை, நான் வளவனூருல மாரியம்மன் கோயிலுக்குப் போய் வளந்தவ. ஒங்க பாட்டு ஒண்ணும் எனக்குத் தெரியாது. அதான் பாட்டைக் கேக்கல, ஒங்க மூஞ்சியப் பாத்துக்கினு இருந்தேன்."

ஆரோக்கியசெல்வி அழுதாள். அழுகைக்கு மட்டும் பாட்டு குறுக்கே வரவில்லை.

மறுவாரம் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் கலைப்பிரியா கேட்டு வந்தாள். தெரிந்த மெட்டில் வேண்டிய வார்த்தையை வைத்துப் பாடச் சொல்லுங்கள், கையால் தாளம் தட்டச் சொல்லுங்கள் என்றாளாம் அவள். அலெக்ஸ் டிப்போவுக்கு வேலைக்குப் போனதும் பயிற்சி ஆரம்பமாகும். மாதா பாட்டின் மெட்டு. மருமகள் கதவுச் சட்டத்தில் தட்டுவாள், மாமியார் கட்டில் விளிம்பில் இடக்கையால் தட்டுவாள். "தண்ணி வேணும்" என்று மருமகள் பாடுவாள். மாமியார் வாயில் மரியே என்றுதான் வரும். எத்தனை தட்டினாலும் மரியே.

ஒருநாள் அலெக்ஸ் சீக்கிரமே வந்துவிட்டான். கலைப்பிரியா "ஒண்ணுக்கு வருது" என்று மாதா பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள்.

"மாதா பாட்டுல இன்னாடி இது? பாவம் புடிக்கும்."

"அவங்களும் புள்ள பெத்தவங்கதானே? கோச்சுக்க மாட்டாங்க."

"இனிமே இந்தப் பேஜாரு வேணாம். அம்மாவை அப்பிடியே விடு."

அப்படியே விடப்பட்டாள் அம்மா. மறுபடியும் தாழ்ப்பாள்.

அடுத்த சனிக்கிழமை வீடு கொள்ளாத கூட்டம். சவுரிராயன் எழுந்து நின்று அறிவித்தார்: "நம்ம திண்டிவனம் திருவிழாவுல அம்மாவை மேடையில ஒக்கார வெக்கப் போறோம். ஜனங்க வந்து தொட்டுக் கும்பிட்டுப் போவாங்க."

திண்டிவனம் என்று கேட்டதும் ஆரோக்கியசெல்விக்கு மனசு ஒருகணம் பறந்தது. அடுத்த கணம் அந்த மேடை கண்முன் வந்தது. தன் கோயிலில், தன்னோடு பாடிய பெண்கள் முன்னால், நாள் முழுக்கச் சுரூபமாக, சிலை போல உட்கார வேண்டும். அதை நினைத்த நேரத்திலேயே முட்டிக்கொண்டும் வந்தது. அவள் பார்வை கூட்டத்தின் மேல் ஓடிக் கதவருகே நின்றது. அங்கே கலைப்பிரியாவின் விரல் சட்டத்தில் தட்டத் தொடங்கியிருந்தது.

அவள் இடக்கை நாற்காலியில் தட்டியது. மாதா பாட்டின் மெட்டு தொண்டையில் எழும்பியது. மரியே வந்து நாக்கில் நின்றது. தாயே, கொஞ்சம் வழிவிடு என்று உள்ளே கேட்டாள். வழி கிடைத்தது.

"ஒண்ணுக்கு வருது, எல்லாரும் போங்க," என்று பாடினாள். கணீரென்ற பழைய குரல்.

முதல் குரல் ஒரு வரி எடுத்துக் கொடுத்தால் சபை என்ன செய்யும்? அத்தனை பேரும் கண்ணை மூடியபடி, உருக்கமாக, "ஒண்ணுக்கு வருது, எல்லாரும் போங்க" என்று திருப்பிப் பாடினார்கள். சவுரிராயன் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. பாடி முடித்த பிறகுதான் பாடியது என்னவென்று ஒவ்வொருவருக்கும் உறைத்தது. கண்கள் திறந்தன.

ஆரோக்கியசெல்விக்குச் சிரிப்பு வந்தது. ஒருபக்கம் மட்டுமே மேலேறும் வாயால் சிரித்தாள். பாட்டை விட்டு வைத்தது இதற்குத்தானா ஆண்டவரே, நீர் கதவுக்கு வெளியே இல்லையா, உள்ளேதான் இருந்தீரா என்று கேட்டாள். இந்தமுறை கோபத்தோடு கேட்கவில்லை.

அலெக்ஸ் சுவரோரம் வெளிறிப்போய் நின்றான். அவள் அவனைப் பார்த்தபடி மறுபடியும் தாளம் தட்டினாள். அதே மெட்டில் அடுத்த வரி வந்தது.

"அலெக்ஸு, வந்து கையப் புடி."

விழுந்த நாளிலிருந்து அம்மா அவன் பெயரைச் சொன்னது இதுதான் முதல்முறை. அவன் ஆட்களை விலக்கிக்கொண்டு வந்து, அந்தச் செத்த கையைப் பிடித்துக்கொண்டான். அந்த வரியை யாரும் திருப்பிப் பாடவில்லை.