நாதியற்றவர்களுக்கு மட்டும்

ஆஸ்பத்திரி என்ற சொல்லே அந்த ஊரில் யார் காதிலும் விழாத காலம். நோயாளிகளைப் படுக்கவைத்துப் பார்க்க நகரவாசலுக்கு வெளியே ஒரே ஒரு விடுதி. வைத்தியர் தினமும் வந்துபோகிற இடமும் அது ஒன்றுதான். ஆனால் நாதியற்றவர்களுக்கு மட்டுமே அங்கே இடம். பெண்டாட்டி பிள்ளை இருந்தால், போய் அவர்களிடம் சாவு என்று அனுப்பிவிடுவார்கள். நல்ல தர்மம், போங்கள்!

கொத்தனுக்குப் பன்னிரண்டு நாளாகக் காய்ச்சல் இறங்கவில்லை. கைவைத்தியமெல்லாம் பார்த்து ஓய்ந்த அவன் மனைவி, கடைசியில் ஒரு பொய்க்குத் துணிந்தாள். கைவண்டியில் அவனைத் தள்ளிக்கொண்டு போய், "வழியில கெடந்தாருங்க. யாருன்னே தெரியல," என்றாள். விடுதி மேற்பார்வைக்காரருக்குச் சிடுமூஞ்சி என்றுதான் பெயர். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். மறுநாளே அவள் அங்கே துணி துவைக்கும் வேலையில் சேர்ந்துகொண்டாள்.

ஒரு கட்டிலில் மூன்று பேர். கொத்தன் நடுவில், அவனை ஒட்டி ஓர் இருமல் கிழவர். வைத்தியரின் கஷாயம் இரண்டு நாள் கேட்டது. அவளுக்கும் போன உயிர் திரும்பி வந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் கொத்தன் கண்ணைத் திறந்து, அழுக்குத் துணி அள்ளிக்கொண்டிருந்தவளைப் பார்த்துவிட்டான்.

"அடியே, இங்கதான் இருக்கியா? கிட்ட வா புள்ள."

வாசலில் சிடுமூஞ்சி நின்றிருந்தார். "யாரும்மா அவன் உனக்கு?"

புருஷன் என்றால் அந்த நிமிடமே வெளியே தள்ளிவிடுவார்கள். மழை வேறு கொட்டிக்கொண்டிருந்தது.

"எனக்கு யாருமில்லைங்க. காய்ச்சல்ல ஏதோ உளர்றாரு."

கொத்தன் அவளையே பார்த்தான். "நான் உன்னை என்னடி பண்ணேன்?" என்று மட்டும் கேட்டான். பாவி மகள், மூட்டையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள். சிடுமூஞ்சி அந்தப் பக்கம் போனதும் காதோடு சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அவர் போவதற்குள் அவன் போய்விட்டான்.

நாதியற்ற பிணம் என்றால் பொதுக்குழிதான். முகம் துடைத்துவிடக்கூட ஆள் கிடையாது. தூக்க வந்தவர்கள் காலில் விழுந்து அவள் கதறினாள்.

"ஐயோ, என் வீட்டுக்காரருங்க! பதினோரு வருஷம் கூட வாழ்ந்தவளுங்க நான். என்கிட்ட குடுத்துடுங்க!"

"இப்பத்தானே யாருமில்லேன்ன?" என்றார் சிடுமூஞ்சி. "செத்தவன் துணிமணிக்கு ஆசைப்பட்டு இப்படித் தினம் ஒருத்தி கெளம்பிடுறா."

அவள் கிழவர் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். "பெரியவரே, நீங்க சொல்லுங்க! அவரு என்னை வாய் நெறையக் கூப்பிட்டாரே!"

கிழவர் இருமி முடித்தார். "அவரு கூப்பிட்டது நெசந்தான். நீதான் யாருமில்லேன்ன. நான் கேட்டேன். அவரும் கேட்டுட்டுத்தான் போனாரு."

அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.