வுளூ முறியாத பகல்

“உம்மா, உங்களுக்கு இன்னும் நோன்பு முடியல்லையா?” பெருநாள் கழிந்தும் உம்மா தண்ணீர் குடிக்காததைக் கண்டு, சின்ன வயதில் ஸுஹைனா ஒருமுறை கேட்டாள். நஸீபா சிரித்து மழுப்பினாள். தும்மினாலே சிறுநீர் கசிகிறது என்று பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

மகள் வளர்ந்த பிறகுதான் சத்திரசிகிச்சை வாய்த்தது. கசிவு நின்றது. ஏறாவூர் நெசவுசாலைத் தறியில் மறுபடி உட்கார்ந்தவளுக்கு, தொழுகைக்காக முகம் கைகால் கழுவிச் செய்யும் வுளூ, சிறுநீர் கசிந்து முறியாமல் தங்குவதே பெரிய சந்தோசம். மத்தியான ளுஹருக்குச் செய்த வுளூவிலேயே பின்னேர அஸரையும் தொழுதாள். அது முறியாதிருக்கத் தண்ணீர் குடிக்கவில்லை, முட்டினாலும் அடக்கிக்கொண்டாள். கழிப்பறைக்குப் போவதென்றால் கிணற்றிலிருந்து வாளி சுமக்கவும் வேண்டும். பாரம் தூக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

எரிவு தொடங்கியது. பிறகு குளிர்காய்ச்சல்.

கிளினிக்கில் நேர்ஸ் நிஸ்றா எல்லாவற்றையும் கேட்டாள்.

“என்ன ராத்தா செஞ்சிரிக்கீங்க? கிருமி புடிச்சிட்டு. மருந்த முழுசாக் குடிங்க. தண்ணி நல்லாக் குடிங்க. அடக்காம போங்க, அவசரப்படாம முழுசாப் போயிட்டு எழும்புங்க.”

“வுளூ முறிஞ்சிருமே மகள்.”

“அடக்கிக்கிட்டுத் தொழுறது மக்றூஹ், மார்க்கம் விரும்பாத காரியம் எண்டு தெரியாதா? முறிஞ்சா இன்னொருக்காச் செய்யுங்க. அல்லாஹ் தண்ணிக்கா கணக்குக் கேக்கப் போறான்?”

மறுநாள் நஸீபா தறியருகே பெரிய போத்தலை வைத்துக்கொண்டாள்.

“என்னக்கா, வாவியையே குடிச்சி முடிக்கிற எண்ணமோ?” பக்கத்துத் தறி சுலோஜனா சீண்டினாள்.

நஸீபா அவள் காதோடு விசயத்தைச் சொன்னாள். சுலோஜனாவின் சிரிப்பு நின்றது. அன்றிலிருந்து நஸீபா போகும்போதெல்லாம் கழிப்பறையில் வாளி நிறைந்திருந்தது. நெய்த சாரனுக்குத்தான் கூலி. வாளி நிறைக்க எழும்பிப் போகிற ஒவ்வொரு தடவையும் சுலோஜனாவின் தறி சும்மா கிடந்தது. நன்றி சொல்லப் போனால், “போங்கக்கா, எனக்கும் கால் மரத்துப் போச்சு,” என்பாள்.

இனிப் பாரம் தூக்கலாம் என்று டொக்டர் நஸீபாவுக்குச் சொன்ன மாதத்தில், சுலோஜனாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. தறிக்காலைப் பிடித்துத்தான் எழும்பினாள். அவளுடைய தண்ணீர்ப் போத்தல் மத்தியானமாகியும் திறக்கப்படாமலே இருந்தது.

“தண்ணியக் குடி புள்ள.”

“தாகமில்லக்கா.”

எல்லாரும் சாப்பிட மரத்தடிக்குப் போனார்கள். நஸீபா கிணற்றடிக்குப் போய் வாளியை நிறைத்தாள். “பிஸ்மில்லாஹ்” என்று தூக்கி, சிந்தாமல் கொண்டுபோனாள். கழிப்பறைச் சுவரில், இன்னும் தண்ணீர் லைன் இழுக்காத புதுக் குழாய் பொலித்தீன் உறையோடு பளபளத்தது. வாளியை அதன் கீழே வைத்துவிட்டு, கதவை மெல்லச் சாத்திக்கொண்டு வந்தாள்.